பழுதுபார்க்கும் உரிமையும் பராமரிப்புக் கடமையும்: திறந்தமூல மென்பொருள் குறித்து ஒரு வாதம்

கைப்பேசித் திரையில் ‘கொ’ என்ற எழுத்து தோன்றுவதற்குள் ஒரு சிறு வேலை நடந்து முடிகிறது. யூனிகோடில் ககரத்துக்கு ஓர் எண், ஒகரக் குறிக்கு ஓர் எண். ஒரே எண்ணாகச் சேமிக்கப்பட்ட அந்தக் குறி, திரைக்கு வரும்போது ஒற்றைக்கொம்பாகவும் துணைக்காலாகவும் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் போய் நிற்க வேண்டும். இப்படிப் பிரித்து, இடம் மாற்றி, எழுத்துருவிலிருந்து உரிய வடிவங்களை எடுத்து அடுக்கும் வேலையை ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் பயர்பாக்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே நிரல்தொகுப்பு. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், தம் பொருளில் சேர்த்து விற்கவும் செய்யலாம். தமிழில் குறுஞ்செய்தி அனுப்புபவர், வங்கிச் செயலியைத் தமிழில் பயன்படுத்துபவர், மின்னிதழ் நடத்துபவர் ஆகியோரில் பெரும்பாலோர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். திறந்தமூல மென்பொருள் அன்றாட வாழ்விலும் தொழிலிலும் வகிக்கும் இடம் இத்தகையது. நம்மிடையே அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலையைச் சுற்றியே நடக்கிறது. அதன் அடிப்படை மதிப்பு பழுதுபார்க்கும் உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில் இருக்கிறது என்பதும், அந்த உரிமை பயன்தர வேண்டுமானால் பழுதுபார்ப்போரைத் தாங்கும் பொறுப்பைப் பயன்பெறும் நிறுவனங்களும் அரசுகளும் ஏற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த மென்பொருளின் பரப்பு இன்று விவாதத்துக்குரியதே அல்ல. 1991-இல் ஹெல்சின்கியில் ஒரு மாணவர் வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருதான் (கெர்னல்) ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளம். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. இந்தியாவின் மாவட்ட நீதிமன்றங்களுக்கு உபுண்டு இயங்குதளம் வழங்கப்பட்டிருக்கிறது. லினக்ஸுக்குச் சேவை வழங்கி வளர்ந்த ரெட் ஹாட் நிறுவனத்தை 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கு இதைவிடப் பெரிய படத்தைத் தருகிறது. பரவலாகப் பயன்படும் திறந்தமூல மென்பொருளை ஒருமுறை புதிதாக எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். அது இல்லாத நிலையில், பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதிக்கொள்ள நேர்ந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பகிர்வால் விளைந்த செல்வம். அதே ஆய்வின் இன்னொரு முடிவு கவலை தருவது: இந்த மதிப்பில் 96 விழுக்காடு, நிரலர்களில் வெறும் 5 விழுக்காட்டினரின் உழைப்பிலிருந்து வருகிறது. பெரும் கட்டடம் ஒன்று மிகச் சில தூண்களின்மேல் நிற்கிறது.

பழுதுபார்க்கும் உரிமை நடைமுறையில் என்ன தருகிறது என்பதற்கு அண்மைச் சான்று ரெடிஸ். எண்ணற்ற இணையச் சேவைகள் நம்பியிருந்த இந்தத் தரவுத்தளத்தின் உரிமத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச்சில் இறுக்கியது. சில நாட்களிலேயே, பழைய உரிமத்தில் வெளிவந்திருந்த நிரலிலிருந்து வால்கீ என்ற புதிய கிளை லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ்ப் பிறந்தது. அடுத்த ஆண்டே ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்தமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன ஓபன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து 2010-இல் லிப்ரே ஆபிஸ் பிரிந்ததும் இதே வழியில்தான். மூடிய மென்பொருளை நம்பியவருக்கு விற்பவர் விலையை ஏற்றினாலும், கடையை மூடினாலும் வேறு போக்கிடம் இல்லை. திறந்தமூலத்தில் போக்கிடம் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சிறு தொழில் முனைவோருக்கு உரிமக் கட்டணம் மிச்சமாவதைவிட இந்தக் காப்பு பெரிது.

ஆனால் உரிமை இருப்பது மட்டுமே வேலையை முடித்துவிடாது. 2014 ஏப்ரல் 7-இல் வெளியான ஹார்ட்பிளீட் குறைபாடு இதைக் காட்டியது. இணையத்தில் கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் மறைகுறியாக்கி அனுப்பும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல்தொகுப்பில், எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டறியும் வசதி ஒன்று உண்டு. கேட்பவர் ஒரு சொல்லை அனுப்பி அதன் நீளத்தையும் சொல்வார். சர்வர் அதே சொல்லைத் திருப்பி அனுப்பும். சொன்ன நீளமும் அனுப்பிய சொல்லின் நீளமும் ஒன்றா என்று நிரல் சரிபார்க்கவில்லை. குட்டிச் சொல்லை அனுப்பிவிட்டு அதன் நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சர்வர் அள்ளிக் கொடுத்தது. ஒரே ஒரு சரிபார்ப்பு விடுபட்ட பிழை இது. 2012 மார்ச்சில் வெளியாகி, ஈராண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அப்போது அந்தத் திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. நன்கொடையாக வந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். உலக மின்வணிகம் தன் பூட்டைச் செய்பவருக்குக் கொடுத்த கூலி அவ்வளவுதான்.

பத்தாண்டுகள் கழித்து ஆபத்து இன்னும் நுட்பமாக வந்தது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலைப் பல ஆண்டுகளாகத் தனியொருவராகப் பராமரித்தவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் பணி என்றும் தம் மனநலம் நலிந்திருக்கிறது என்றும் 2022-இல் வெளிப்படையாகவே சொன்னார். வேலை மெதுவாக நடக்கிறது என்று பல பெயர்களில் அவருக்கு நெருக்கடி வந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, பொறுமையாக உழைத்து, நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டு உரிமையையும் பெற்றார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய ஒரு புறவாசல் மறைந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணியாற்றும் பொறியாளர் ஒருவர், நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதை விடாமல் துருவிப் பார்த்து மார்ச் 29-இல் அதை அம்பலப்படுத்தினார். தாக்கியவர் முதலில் தேடிக் கண்டுபிடித்தது நிரலின் ஓட்டையை அல்ல, களைத்துப்போன ஒரு மனிதரை. துணை ஆள் ஒருவருக்கான சம்பளத்தை யாராவது கொடுத்திருந்தால் அந்த வழி எளிதில் திறந்திருக்காது.

அப்படியானால் திறந்தமூலமே பாதுகாப்பற்றதல்லவா என்று கேட்கலாம். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரே இற்றைப்படுத்தலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின; விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. அங்கே நிரலும் மூடியது, பணத்துக்கும் குறைவில்லை. எனவே பிழை எந்த முறைக்கும் தனிச்சொத்தல்ல. வேறுபாடு பிழை வந்த பின் தெரிகிறது. எக்ஸ்இசட்டில் வெளியாள் ஒருவர் நிரலைப் பிரித்துப் பார்த்து உண்மையைக் கண்டறிய முடிந்தது. திறந்திருந்தால் எல்லாக் கண்களும் பார்க்கும் என்ற நம்பிக்கையை மட்டும் ஹார்ட்பிளீட்டுக்குப் பின் யாரும் முழுமையாகக் காப்பாற்ற முடியாது. பார்க்க முடிவது வேறு, பார்ப்பதற்கு ஆளும் நேரமும் ஒதுக்குவது வேறு.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இலவசமாகக் கொடுத்தவர் விரும்பிக் கொடுத்தார். உரிமம் எந்தக் கட்டணமும் கேட்கவில்லை. பிறகு கடமை எங்கிருந்து வருகிறது? சட்டப்படி இக்கடமை இல்லை என்பது சரியே. கடமை பிறப்பது பொதுவளத்தின் இயல்பிலிருந்து. ஏரி நீரைக் குடிக்க யாரும் காசு கேட்டதில்லை. ஆனால் கரையை உயர்த்தவும் மதகைச் செப்பனிடவும் ஆயக்கட்டுதாரர் உழைப்புத் தரும் குடிமராமத்து வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. வழக்கம் தளர்ந்தபோது 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. சட்டத்தின் மிரட்டலால் மட்டும் ஏரிகள் பிழைத்துவிடவில்லை. பொதுவளத்தைக் காக்கும் சுமை, நன்கொடையாளரின் மனநிலைக்கோ அதிகாரியின் தண்டனைக்கோ விடப்படாமல், பயன்பெறும் அளவுக்கேற்பப் பகிரப்பட வேண்டும் என்பதே அந்த வரலாறு தரும் பாடம். பத்து ஏக்கருக்குப் பாய்ச்சுபவரும் ஒரு குடம் மொள்பவரும் ஒரே அளவு மண் சுமக்க வேண்டியதில்லை. வீட்டில் லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் மாணவியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதே வகை நிரல்களின்மேல் கோடிக்கணக்கில் ஈட்டும் நிறுவனத்திடம்தான் கேட்கிறோம்.

பணம் உள்ளே வந்தால் தன்னார்வம் கெடும், கொடுப்பவர் கைக்குத் திட்டம் போய்விடும் என்ற அச்சமும் உண்டு. லினக்ஸ் கெர்னலே இதற்கு விடை. அதன் பெரும்பகுதியை இன்று இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற பல நிறுவனங்களின் சம்பளப் பொறியாளர்களே எழுதுகிறார்கள். ஆனாலும் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதாலும், பெற்ற உரிமையை அடுத்தவருக்கும் தர வேண்டும் என்று அதன் பொது உரிமம் கட்டுப்படுத்துவதாலும் எந்த ஒரு நிறுவனமும் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியவில்லை. ஆபத்து பணம் ஒரே கையிலிருந்து வருவதில் இருக்கிறது. பல கைகள் சேர்ந்தால் அது காப்பாகிறது. ஹார்ட்பிளீட்டுக்குப் பின் போட்டி நிறுவனங்கள் பல சேர்ந்து தந்த நிதியால்தான் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர நிரலர்கள் கிடைத்தார்கள். ஜெர்மனி 2022-இல் அரசுப் பணத்திலேயே இதற்கென ஒரு நிதியத்தை அமைத்தது. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, தன் தொழில் திறந்தமூலத்தின்மேல் கட்டப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியை 2024-இல் தொடங்கியது. உரிமை கோராமல் கொடுக்க முடியும் என்பதற்கு இவை நிகழ்காலச் சான்றுகள்.

இந்திய அரசு 2015-இல் வகுத்த கொள்கை, மென்பொருள் தேர்வில் திறந்தமூலத்துக்கு முன்னுரிமை தந்தது. அதன் மறுபாதியை இப்போது எழுத வேண்டும். ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த நிரல்தொகுப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை வைத்திருப்பது பற்றி 2024-இல் இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் இருந்தாலே யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது வரிவரியாகத் தெரியும். அரசு ஒப்பந்தப்புள்ளி ஒவ்வொன்றிலும் பட்டியலோடு, அதிலுள்ள முக்கிய நிரல்தொகுப்புகளின் பராமரிப்புக்குத் திட்டச் செலவில் ஒரு சிறு விழுக்காட்டையோ அதற்கு ஈடான பொறியாளர் நேரத்தையோ ஒதுக்கும் விதியைச் சேர்க்கலாம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்தச் செலவை அறக்கொடைக் கணக்கிலிருந்து எடுத்துக் காப்பீட்டுக் கட்டணத்தைப் போல இயக்கச் செலவில் எழுதலாம். பல்கலைக்கழகங்கள், ஏற்கெனவே ஓடும் நிரல் ஒன்றின் பிழையை மாணவர் திருத்தி அது ஏற்கப்படுவதற்கும் மதிப்பெண் தரலாம். புதிதாக எழுதக் கற்பதைவிடப் பிறர் எழுதியதைக் காக்கக் கற்பது அரிய திறன். இவற்றில் எதற்கும் புதுச் சட்டமோ பெரும் மூலதனமோ தேவையில்லை. பராமரிப்பை வேலை என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஊதியத் தலைப்பு ஒன்றை வரவுசெலவுத் திட்டத்தில் திறந்தால் போதும்.