முரண்படும் பழைய ஆவணங்கள்: குடும்ப வரலாற்றை எப்படி அறிவது?

உறவுகளைப் பேணி வாழ்வதற்குத் தேவையான அளவு உங்கள் வமிசத்தை அறிந்து வையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. பெருமை பேசுவதற்காக அல்ல, உறவைப் பேணுவதற்காக என்பதே அதன் கருத்து. மனிதர்கள் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்று அல்ஹுஜுராத் அத்தியாயமும் (49:13) கூறுகிறது.

இன்று நம் ஊர்களில் பலர் பாட்டனார், பூட்டனார் பற்றிய விவரங்களைத் தேடத் தொடங்கியுள்ளனர். தேடியவர்கள் சொல்லும் முதல் குறை, ஒரு தாளில் இருப்பது இன்னொரு தாளில் இல்லை என்பதுதான். மீஸான் கல்லில் ஒரு தேதி, பத்திரத்தில் வேறொரு தேதி. நிகாஹ் பதிவேட்டில் ஒரு பெயர், பட்டாவில் வேறொரு பெயர். இதைக் கண்டு சிலர் தேடலையே கைவிடுகிறார்கள். சிலர் தமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. முரண்படும் செய்திகளை எடைபோடும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நம்முடைய ஹதீஸ் அறிஞர்கள். அவர்களின் வழிமுறை நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதங்களுக்கும் பொருந்தும்.

தேதியே சாட்சி

ஹிஜ்ரி 5-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் வெளிப்பட்டது. கைபர் வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்கு அளித்ததாக அதில் எழுதியிருந்தது. அப்பாஸிய அமைச்சர் அதை இமாம் கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். பார்த்தவுடன், இது போலி என்றார் இமாம். எப்படி என்று கேட்டபோது சாட்சிகளின் பெயர்களைச் சுட்டிக்காட்டினார். முஆவியா (ரழி) அவர்களின் பெயர் அதில் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-இல். கைபர் போரோ ஹிஜ்ரி 7-இல். ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் பெயரும் இருந்தது. அவர்கள் அகழ்ப்போரை அடுத்து ஹிஜ்ரி 5-இலேயே ஷஹீதாகிவிட்டார்கள்.

இமாம் அவர்கள் மையையோ தோலையோ சோதிக்கவில்லை. எழுதியது யார், எப்போது, அந்தக் காலத்தில் அது சாத்தியமா என்று மட்டும் கேட்டார்கள். நாமும் ஒவ்வொரு காகிதத்திடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கூடவே நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. இதை எழுதியதால் யாருக்கு லாபம்?

ஆண்டுக் கணக்குகள்

பல முரண்பாடுகள் உண்மையில் முரண்பாடுகளே அல்ல. நம் முன்னோர் ஒரே நேரத்தில் பல ஆண்டுக் கணக்குகளைப் புழங்கினார்கள்.

ஹிஜ்ரி: சந்திர ஆண்டு, சுமார் 354 நாட்கள். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டுகள். 66 வயதில் வஃபாத் என்று மீஸான் கல் சொன்னால், ஆங்கிலக் கணக்கில் அது 64. நாள் மஃரிபில் தொடங்குவதால் ஒரு நாள் வித்தியாசமும் இயல்பு.

கொல்லம்: நெல்லை, தூத்துக்குடி, குமரி வட்டாரப் பழைய பத்திரங்களில் காணலாம். ஆண்டின் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

பசலி: வருவாய்த்துறைக் கணக்கு. ஜூலை 1-இல் தொடங்கும். டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும்.

தமிழ் ஆண்டுப் பெயர்: 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். சித்திரபானு என்றால் 1942-43 ஆகவும் இருக்கலாம், 1882-83 ஆகவும் இருக்கலாம்.

எல்லாத் தேதிகளையும் முதலில் ஒரே கணக்குக்கு மாற்றுங்கள். பாதிப் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே பெயர், வேறு ஆள்

முஹ்யித்தீன் என்ற பெயர் நம் ஊர்களில் மொகிதீன், முகையதீன், மைதீன் என்றெல்லாம் எழுதப்பட்டது. உஸ்மான் உதுமான் ஆனார். ஹஸன் அசன் ஆனார். அரபுத் தமிழில் ஆலிம் எழுதியதைத் தமிழ்க் கணக்குப்பிள்ளை ஒருவிதமாகவும், ஆங்கில எழுத்தர் வேறுவிதமாகவும் எழுதினார்கள். ஆகவே எழுத்து மாறுவதால் ஆள் மாறிவிட்டதாக முடிவு செய்யக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஆபத்து இன்னும் பெரியது. பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர், அதே தகப்பனார் பெயர் வந்துகொண்டே இருக்கும். 80 ஆண்டு இடைவெளியில் உள்ள இருவரை ஒருவராக்கிவிடுவது எளிது. ஒரே பெயருள்ள வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்தறிய ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என்றே ஒரு நூலைக் கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள் எழுதியது இந்தக் குழப்பம் கருதித்தான். மனைவி பெயர், வீட்டுப் பெயர், தெரு, தொழில், மத்ஹப் ஆகியவற்றில் இரண்டாவது பொருந்தினால்தான் அவர் இவர் என்று கொள்ளலாம்.

கடல் கடந்த ஆவணங்களில் அடையாளமே மாறியிருக்கும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் ‘சூலியா’ எனப்பட்டார்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் ‘இந்தியச் சோனகர்’ ஆனார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

தேதி ஒன்று மாறினால் என்ன ஆகும்? ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டனாருக்கு 2 மகன்கள், 1 மகள். அவருடைய மனைவியும் பெற்றோரும் முன்பே வஃபாத்தாகிவிட்டனர். மூத்த மகன் ரங்கூனில் கடை வைத்திருந்து, போரின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார். அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. கையில் நான்கு ஆவணங்கள் உள்ளன.

1. பாட்டனாரின் மீஸான் கல்: ஹிஜ்ரி 1361, ரபீஉல் ஆகிர் 10.
2. நிலத் தீர்வைக் கணக்கு: பசலி 1351-இல் பாட்டனார் பெயரிலிருந்து இளைய மகன் பெயருக்கு மாற்றம்.
3. மூத்த மகனுடன் வந்தவர் அஸ்ஸாம் முகாமிலிருந்து எழுதிய கடிதம்: சித்திரபானு, ஆடி 12-இல் மவுத்.
4. இளைய மகன் 1958-இல் எழுதிய பத்திரம்: அண்ணன் 1941-இல் பர்மாவிலிருந்து நடந்து வரும்போது, தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டார்.

தேதிகளை மாற்றிப் பார்ப்போம். மீஸான் கல் சொல்வது 1942 ஏப்ரல் இறுதி. பசலி 1351 முடிவது 1942 ஜூன் 30. இரண்டும் பொருந்துகின்றன. கடிதம் சொல்வது 1942 ஜூலை இறுதி. அப்படியானால் மகன் தகப்பனாருக்குப் பின்னர்தான் இறந்திருக்கிறார்.

1958 பத்திரம் மட்டும் மாறுபடுகிறது. ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23-இல். அதன் பிறகே மக்கள் கூட்டம் கூட்டமாக நடக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் எஞ்சியிருந்தது ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம். பத்திரம் சொல்வது அறவே நடந்திருக்க முடியாதது அல்ல, மிகவும் அரிது. ஆனால் அது சம்பவம் நடந்து 16 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. எழுதியவர் அங்கு இருக்கவில்லை. எழுதியதால் லாபமும் அவருக்கே. கடிதம் எழுதியவரோ உடனிருந்தவர், பங்கில் சம்பந்தம் இல்லாதவர். ஹதீஸ் கலையில் இதைத் தர்ஜீஹ் என்பார்கள். வலுவான சான்றை முன்வைத்து, வலுவற்றதைப் பின்தள்ளுவது.

இதன் விளைவு பெரியது. மகன் முதலில் இறந்திருந்தால், இன்னொரு மகன் உயிருடன் இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்கு மீராஸ் இல்லை. பாட்டனாருக்குப் பின் மகன் இறந்திருந்தால், சொத்தில் 5-இல் 2 பங்கு அவருக்குச் சேர்ந்து, அவர் மூலமாக அவருடைய விதவைக்கும் பிள்ளைகளுக்கும் போயிருக்க வேண்டும். மூன்று மாத வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் ஹக் அடங்கியிருக்கிறது.

30 ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரம் என்பதால் அது உண்மையாகிவிடாது. கையெழுத்து உரியவருடையதே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அந்த அனுமானம் சான்றாகாது.

பெயர் இல்லாதவர்கள்

மேலே சொன்ன மகளை எந்த ஆவணமும் குறிப்பிடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நம் பழைய பத்திரங்களின் பெருங்குறை இது. குறிப்பிடப்படாமை என்பது இல்லாமைக்கு ஆதாரம் அல்ல என்பது அறிஞர்களின் விதி. பத்திரத்தில் மகன்கள் மட்டும் இருப்பதால் மகள்களே இல்லை என்று வமிச வரைபடம் வரைந்துவிடக் கூடாது.

பெண்களைத் தேட வேண்டிய முதல் இடம் ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடு. மணமகளின் பெயர், அவருடைய தகப்பனார், வலீ, மஹர், சாட்சிகள் எல்லாம் அங்கே இருக்கும். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள கடற்கரை ஊர்களில் வீட்டுப் பத்திரமும் உதவும். வாய்மொழி ஹிபாவும் செல்லும் என்பதால், பத்திரமே இல்லாமல் சொத்து கைமாறியிருக்கவும் இடமுண்டு.

1937-இன் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தொடவில்லை. சென்னை மாகாணத்தில் 1949-இல்தான் அதற்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆவணங்களில் பெண்கள் விடுபட்டிருந்தால், ஊர் வழக்கம் காரணமாக இருக்கலாம். மார்க்கம் காரணம் அல்ல. பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் (4:7) தெளிவாகவே விதித்துவிட்டது.

தேடும் முறை

வயதில் மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். வமிசம், திருமணம், மரணம் ஆகியவற்றில் ஊரறிந்த செய்தியை ஃபிக்ஹ் சாட்சியமாக ஏற்கிறது. பெரியம்மா, மாமியிடம் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். பிறகு மையவாடி, ஜமாஅத் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, வட்டாட்சியர் அலுவலகத்தின் அ-பதிவேடு, கடைசியாகச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

ஸாதாத் வமிசம் என்று ஷஜரா வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 ஆண்டுக்கு 3 தலைமுறை என்பது இப்னு கல்தூன் (ரஹ்) சொன்ன அளவுகோல். 14 நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 40 பெயர்கள் வர வேண்டும். 20 பெயர்களே இருந்தால் இடையில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். தனக்கில்லாத வமிசத்தைக் கோருவது கடுமையாக எச்சரிக்கப்பட்ட பாவம் என்பதால், விடுபட்ட இடத்தை ஊகத்தால் நிரப்பக் கூடாது.

இரு சான்றுகளும் சமமாக இருந்தால் தவக்குஃப் செய்யுங்கள். அதாவது, இரண்டையும் எழுதி வைத்து முடிவை நிறுத்தி வையுங்கள். நாளை உங்கள் பேரனுக்கு மூன்றாவது சான்று கிடைக்கலாம்.

தேடும்போது முன்னோரின் குறைகளும் வெளிப்படும். அவற்றை ஊருக்குச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் ஒருவரின் ஹக் வெளிப்பட்டால் மறைக்கவும் கூடாது. நமக்கோ பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது அந்நிஸா (4:135). வழக்குத் தொடரக் காலவரையறை தடையாக இருக்கலாம். அல்லாஹ்விடம் அந்தத் தடை இல்லை. வாரிசுகள் அமர்ந்து பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோ, மனமார விட்டுக்கொடுக்கச் செய்தோ ஸுல்ஹ் செய்துகொள்ள வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் உறவுகளைச் சேர்த்து வைப்பானாக, நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுப்பானாக. ஆமீன்.