பரண் காவல்

பரண் காவல் என்பது விளைச்சல் முற்றும் மாதங்களில் யானை, காட்டுப்பன்றி, மான், கிளி முதலியவற்றிடமிருந்து பயிரைக் காக்கும் பருவகால வேலை. கதிரில் பால் பிடிக்கத் தொடங்கியதும் இந்த வேலை ஆரம்பிக்கும். அறுத்துக் கட்டித் தானியம் வீடு வந்து சேரும்வரை நீடிக்கும். தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டோரங்களிலும் இது இன்றும் நடக்கிறது. ஒரு காலத்தில் குடும்பத்தாரே பார்த்த வேலை, பிறகு வனத்துறையின் பொறுப்பாகவும் ஆனது. இப்போது கும்கி யானை, சூரிய மின்வேலி, குறுஞ்செய்தி, வெப்பப் படக் கேமரா எல்லாம் இதில் சேர்ந்துகொண்டன. ஆனாலும் விடிய விடிய விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

இந்தக் காவலுக்குத் தமிழில் உள்ள அளவு பழைய எழுத்துச் சான்று வேறெந்தப் பண்ணைவேலைக்கும் இருக்குமா என்பது சந்தேகமே. குறிஞ்சித் திணையின் காட்சிகள் பல தினைப்புனத்தில்தான் நடக்கின்றன. வள்ளி முருகனைச் சந்தித்ததும் அங்கேதான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கிளி ஓட்டப் போகிறார்கள். அவர்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் இருக்கின்றன. மூங்கிலைப் பலவாகப் பிளந்து தட்டி ஓசை எழுப்புவது தட்டை என்றும், கையால் வேகமாகச் சுற்றினால் ஒலிப்பது தழல் என்றும் உரைகாரர்கள் விளக்கம் தருகிறார்கள். இவர்கள் ஏறி நின்ற பரணுக்கு அன்றைய பெயர் இதணம்.

பகலில் கிளி ஓட்டியது பெண்கள். பெரிய விலங்குகளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. மலைபடுகடாம் அதைக் கிட்ட நின்று பார்த்ததுபோல் சொல்கிறது. நன்னன் என்னும் மன்னனின் நாட்டுக்குப் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்பவன், இரவில் நடக்காதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறான். தினையைத் தின்ன வரும் பன்றிகளுக்காக அவை புகும் வழியில் அடார் என்னும் கல்பொறியை வைத்திருப்பார்களாம். இன்னோர் இடத்தில், உயரமான இதணத்தில் ஏறிய குறவர்கள் கைதட்டி, யானைக் கூட்டத்தின் மேல் கவண்கல் எறிவார்கள். அந்தக் கல் உங்கள் மேல் படலாம், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்று எச்சரிக்கிறான். விலங்குக்கு வைத்த பொறியில் மனிதர் சிக்குவது அப்போதே கவலைக்குரிய விஷயமாக இருந்திருக்கிறது.

யானை தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்ற கணக்கும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. புறநானூற்றின் 184ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையை இதைக் கொண்டே விளக்குகிறார். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து விளைச்சலும் ஒரு யானைக்குப் பல நாள் வரும். யானையே உள்ளே புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாயில் போவதைவிடக் காலில் அழிவதே மிகும் என்பது அவர் சொன்ன கணக்கு. வயலில் விடிகாலையில் நின்று பார்த்த ஒருவரிடமிருந்துதான் இந்த உவமை அரசவைக்குப் போயிருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் யானை ஒழிக்கப்பட வேண்டிய பயிர்ப்பகையாகவே பார்க்கப்பட்டது. சுட்டுக் கொன்றவருக்குச் சென்னை மாகாண அரசு சன்மானம் கொடுத்தது. மரம் இழுக்கவும் பாரம் சுமக்கவும் யானை வேண்டும் என்று உணர்ந்தபின் நிலை தலைகீழாக மாறியது. 1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1879இல் இந்திய அளவிலான சட்டம் வந்தது. அதிலும் உயிருக்கு ஆபத்து என்றாலோ, வீட்டையோ பயிரையோ யானை அழிக்கும்போதோ கொல்வதற்கு விலக்கு இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1977இல் யானை அதன் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டதும் அந்த வாசலை ஏறக்குறைய அடைத்துவிட்டன. விவசாயி இனி யானையை விரட்டலாம், காயப்படுத்தக் கூடாது. யானையின் உயிரைக் காத்த சரியான முடிவு இது. ஆனால் அதன் சுமை பரண்மேல் இருந்தவர் தலையில்தான் இறங்கியது.

யானை ஏன் வயலுக்கு வருகிறது என்ற கேள்விக்கு, காட்டில் தீனி இல்லை என்பது மட்டும் பதிலாகாது. 1980களில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் ஆராய்ச்சி செய்த ராமன் சுகுமார், பயிர்களில் காட்டுப்புல்லைவிடப் புரதமும் சோடியம் போன்ற தாதுக்களும் அதிகம் என்று காட்டினார். குட்டிகளோடு திரியும் பெண் யானைக் கூட்டங்களைவிட, வளர்ந்த ஆண் யானைகள் பல மடங்கு அதிக இரவுகள் வயலுக்குள் புகுவதையும் அவர் பதிவு செய்தார். சத்துள்ள தீனி ஆண் யானைக்கு உடல்வலுவைத் தரும். அதற்காக ஆபத்தைப் பொருட்படுத்தாது. போதாக்குறைக்கு, ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் மானாவாரி நிலங்கள் வாழைத் தோப்பாகவும் கரும்புக் காடாகவும் மாறின. மலையடிவாரத்தில் ஆண்டு முழுவதும் பசுமை நிற்கிறது. காவலும் சில ஊர்களில் ஆண்டு முழுவதும் நீண்டுவிட்டது.

பருவம் மாறாமல் இருக்கும் இடம் ஓசூர்ப் பகுதி. மழைக்காலம் முடியும் தறுவாயில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் வருகின்றன. தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று காடு காடாகத் தங்கி, இருட்டியதும் ராகிக் கொல்லைகளில் இறங்குகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே தூக்கம் கிடையாது. ராகியை அறுத்துப் போர் போட்ட பிறகும் காவலை விட முடியாது. யானை போரையே பிரித்துத் தின்றுவிட்டுப் போகும். கொல்லை நடுவே மரக்கிளையிலோ நட்ட கால்களின் மேலோ பரண் இருக்கும். கையில் டார்ச், அருகில் தகரம், பக்கத்தில் கட்டைகள் கனன்றபடி இருக்கும். ஒரு கொல்லையில் தகரம் அடித்தால் அடுத்த கொல்லைக்காரர் எழுந்துகொள்வார்.

வனத்துறையின் விரட்டுக் குழு செய்யும் வேலை இதிலிருந்து வேறு. காலையில் தடம் பார்ப்பார்கள்: காலடி எந்தப் பக்கம் போகிறது, யானை லத்தியில் சூடு இருக்கிறதா, குட்டி எத்தனை. பிறகு ஒலிபெருக்கியில் ஊர் ஊராக அறிவிப்பு: விறகுக்குப் போகாதீர்கள், தனியாகக் காவலுக்குப் போகாதீர்கள். மாலையில் காற்று வீசும் திசை பார்த்து நிற்பார்கள். கூட்டத்தைச் சுற்றி வளைக்கக் கூடாது. காட்டுப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும். தாயையும் குட்டியையும் பிரித்துவிட்டால் அன்றைய இரவு வேலை கெட்டது. பட்டாசு கடைசி ஆயுதம், ஏனென்றால் அடிக்கடி வெடித்தால் யானைக்குப் பழகிவிடும். வேடிக்கை பார்க்கச் செல்போனோடு ஓடிவரும் கூட்டத்தைத் தடுப்பது பல நேரங்களில் யானையைத் திருப்புவதைவிடக் கடினம். ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்கு, அங்கிருந்து மாநில எல்லைக்கு என்று இதைப் பல இரவுகளாகச் செய்கிறார்கள்.

ஆளைக் குறைக்கும் வழிகளாக வந்தவை அகழியும் மின்வேலியும். அகழி வெட்டியபோது நன்றாகத்தான் இருக்கும். மழையில் கரை சரியும், மண் தூரும். யானையும் காலால் கரையைத் தள்ளிச் சரிவாக்கி இறங்கிவிடும். சூரிய மின்வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி தரும், உயிரைப் பறிக்காது. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கொம்பன்கள் கண்டுபிடித்துக் கம்பியைத் தந்தத்தால் அறுக்கின்றன. சில யானைகள் காய்ந்த மரத்தை வேலிமேல் சாய்த்துவிட்டுக் கடக்கின்றன. மேலிருந்து கம்பிகள் தொங்கும் புதுவகை வேலி இதற்காகவே வந்தது. எந்த வேலியானாலும் அடியில் புல் வளராமல் செதுக்கி, பேட்டரி பார்த்து, தினமும் யாராவது நடக்க வேண்டும். அதைச் செய்ய ஊரில் ஒருவர் பொறுப்பேற்ற இடங்களில் வேலி நிற்கிறது; போட்டுவிட்டுப் போன இடங்களில் கம்பி மட்டும் கிடக்கிறது.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கம் வேலிக்கம்பியில் பாய்ச்சும் திருட்டு மின்சாரமும் அவுட்டுக்காயும். அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் உருண்டை. பன்றிக்கு வைப்பதை யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரு குட்டிகள் மட்டும் தப்பின. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்யக் கட்டாயமாக்கும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

ஊரைவிட்டு நகர மறுக்கும் யானைகளுக்குக் கும்கி. முதுமலை தெப்பக்காடு, ஆனைமலை கோழிகமுத்தி முகாம்களில் பழக்கி, காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பயன்படுத்தும் யானைகள் இவை. பாகன்கள் பெரும்பாலும் மலசர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர். கோழிகமுத்தியின் கலீம் 99 நடவடிக்கைகளில் பங்கேற்று, 2023 மார்ச்சில் 60 வயதில் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வுபெற்றது.

கும்கியாலும் எல்லாம் ஆகிவிடாது என்பதற்குச் சின்னத்தம்பியே சாட்சி. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் சுற்றிய இந்த ஆண் யானையை 2019 ஜனவரியில் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாள்களிலேயே அது மலையிறங்கியது. நீண்ட தூரம் நடந்து உடுமலைப்பேட்டை அருகே கிருஷ்ணாபுரம் கரும்புத் தோட்டத்தில் தங்கிவிட்டது. கும்கிகளைக் கொண்டு வந்தும் கரும்பை விட்டு நகரவில்லை. உயர் நீதிமன்றம்வரை வழக்கு போய், பிப்ரவரி 15 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டு, வரகளியாறு முகாமின் கரால் என்னும் மரக்கூண்டுக்குப் போனது; பின்னாளில் அதுவே கும்கியானது. 2023இல் மூணாறு பக்கம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பனும் ஒரு மாதத்திற்குள் கம்பம் நகரத் தெருவுக்கு வந்தது. யானையை லாரியில் ஏற்றலாம். அதன் தலைக்குள் இருக்கும் வரைபடத்தை ஏற்றி இறக்க முடியாது.

விரட்டுவதைவிடத் தெரியப்படுத்துவது மேல் என்ற எண்ணத்தை நிலைநாட்டிய ஊர் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைத் துண்டுகள் சிதறிக் கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில், யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் இருட்டில் வீடு திரும்பியவர்களே அதிகம் இறந்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் எம். ஆனந்தகுமாரும் குழுவினரும் யானைகள் நிற்கும் இடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள், தொழிலாளர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்பினார்கள், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் யானை. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. ஆனால் அந்த விளக்கை எரியவைக்க, காலை முதல் யானையின் பின்னால் நடந்த உள்ளூர்க் கண்காணிப்பாளரின் தகவல் வேண்டும்.

இதே எண்ணத்தின் பெரிய வடிவம் கோவை அருகே மதுக்கரையில் இருக்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அந்த ரயில் பாதையின் ஓரம் 12 கோபுரங்களில் வெப்பப் படக் கேமராக்கள் இயங்கத் தொடங்கின. செயற்கை நுண்ணறிவு யானையை அடையாளம் கண்டதும் ரயில் ஓட்டுநருக்கும் வனப்பணியாளருக்கும் எச்சரிக்கை போகிறது. போய்த் திருப்பிவிடுவது அந்தப் பணியாளர்தான்.

பருவத்தையே கருவியாக்கிய முயற்சி இலங்கையில் நடந்தது. காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிருக்குப் பரண் கட்டிக் காவல் இருப்பதும், யானை வெடி போடுவதும் அங்கே பழைய வழக்கம். சூழலியலாளர் பிருத்திவிராஜ் பெர்னாண்டோவின் குழு, காட்டு எல்லையில் நிரந்தர வேலி போடுவதை விட்டு, வயலைச் சுற்றி விதைப்பில் மின்வேலி நட்டு அறுவடையில் கழற்றும் முறையைக் கிராமங்களில் பழக்கியது. வேலி விவசாயிகளுடையது, பயிர் நிற்கும்வரை அவர்களே பராமரிப்பார்கள். வேலி போனதும் தாள் மேய யானைக்கு வயல் திறந்துவிடும்.

காட்டுப்பன்றிக்குத் தமிழ்நாடு 2025 ஜனவரியில் தனி வழிமுறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி இல்லை. ஆகவே நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் இரவுக் காவல் தொடர்கிறது.

இந்த வேலையைச் செய்பவர்களின் நிலை மட்டும் பின்தங்கியே இருக்கிறது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் என்ற பெயரில் விரட்டுக் குழுக்களில் முன்னால் நிற்பவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லத்தியின் சூட்டில் நேரம் சொல்லும் அறிவு அவர்களுடையது. சொந்தக் கொல்லையில் காவல் இருக்கும் விவசாயிக்கு ஊதியமே கிடையாது. மிதிபட்ட பயிருக்கு அரசு இழப்பீடு தருகிறது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரும் வனவரும் பார்வையிட்டுக் கணக்கெடுக்க வேண்டும். மிதிபடாமல் காப்பாற்றிய பயிருக்காக விழித்த மூன்று மாத இரவுகள் எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.