இழுத்துப் போட்டதும் 8 லிங்கம் 7 ஆனது எப்படி? கோடிங் எடிட்டரில் மவுஸா, கீபோர்டா... முழு விளக்கம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர லிங்கங்களைக் கடந்து ஈசான்ய லிங்கத்தில் முடியும் இந்த வரிசை ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். ஆனால் பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து வரும் பக்தருக்கு? அவருக்கு மொபைலில் பார்க்க ஒரு சின்ன வழிகாட்டிப் பக்கம் இருந்தால் நல்லதுதானே.

திருவண்ணாமலையில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி அப்படி ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் இருப்பது விஎஸ் கோட் எடிட்டர். மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகம் செய்த இலவச மென்பொருள் இது. மொழி பைதான். பட்டியலை இப்படி எழுதுகிறார்:

லிங்கங்கள் = [
    "இந்திர லிங்கம்",
    "அக்னி லிங்கம்",
    "எம லிங்கம்",
    "நிருதி லிங்கம்",
    "வருண லிங்கம்",
    "வாயு லிங்கம்",
    "ஈசான்ய லிங்கம்",
    "குபேர லிங்கம்"
]

(பைதான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இது செல்லுபடியாகும் கோடிங்தான்.)

எழுதி முடித்ததும் தவறு தெரிகிறது. கடைசி இரண்டும் இடம் மாறிவிட்டன. குபேர லிங்கம் வடக்கில், ஈசான்ய லிங்கம் வடகிழக்கில். குபேரர்தான் முதலில் வர வேண்டும். ஒரு வரியை மேலே ஏத்தணும், அவ்ளோதான். மவுஸால் அந்த வரியைத் தேர்வு செய்து, பிடித்து இழுத்து, ஈசான்யத்துக்கு மேலே விடுகிறார். பார்க்க வரிசை கச்சிதமாக இருக்கிறது. புரோகிராமை ஓட்டினால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

ஆனால் பக்கத்தில் 7 லிங்கங்கள்தான் வருகின்றன!

என்ன நடந்தது?

குற்றவாளி ஒரு கமா. பட்டியலின் கடைசி வரிக்குப் பின் கமா போடும் பழக்கம் நம்மில் பலருக்கும் இல்லை. குபேர லிங்கம் மேலே போனபோது, கமா இல்லாமலே போய்விட்டது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் இரண்டு சொற்றொடர்கள் நடுவில் கமா இல்லாமல் அடுத்தடுத்து வந்தால், பைதான் அவற்றை ஒட்டி ஒன்றாக்கிவிடும். வேறு வேறு வரியில் இருந்தாலும் அப்படித்தான். ஆக ஏழாவது இடத்தில் "குபேர லிங்கம்ஈசான்ய லிங்கம்" என்று ஒரு புது லிங்கம் உருவாகியிருக்கும்.

இது பைதானின் கோளாறு அல்ல, மொழியின் விதியே அதுதான். நம்ம ஊர் பிளஸ் 1 பாடத்தில் வரும் சி பிளஸ் பிளஸ் மொழியிலும் இதே விதி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் உடனே பிழை என்று சொல்லி நின்றுவிடும். இழுத்த வரியைத் தவறுதலாக இன்னொரு மேற்கோள் குறிக்கு நடுவில் விட்டிருந்தால் பைதானே கத்தியிருக்கும், எடிட்டரும் சிவப்புக் கோடு காட்டியிருக்கும். கத்துகிற பிழை நல்ல பிழை. சத்தமே போடாத இந்த மாதிரிப் பிழைதான் ஆபத்து.

தீர்வு ரொம்ப எளிது. பைதானில் பட்டியலை வரிக்கு ஒன்றாக எழுதும்போது கடைசி வரிக்கும் கமா போடுங்கள். மொழி அதை ஏற்றுக்கொள்ளும். பிறகு எந்த வரியை எங்கே நகர்த்தினாலும் கவலை இல்லை. ஆனால் ஜேசான் கோப்பில் இதைச் செய்யாதீர்கள். அங்கே கடைசி கமாதான் பிழை.

பள்ளியில் இழுத்தபோது சரியாக வந்ததே?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 10ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்கிராட்ச் அறிமுகமாகிறது. அமெரிக்காவின் எம்ஐடி 2007இல் வெளியிட்ட இந்த மென்பொருளில் எல்லாமே இழுத்துப் போடுவதுதான். பிளஸ் 2 கணினி அறிவியலுக்கு வந்தால் பைதான், எல்லாமே டைப் செய்வது.

இங்கதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ஸ்கிராட்சில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு துண்டு. பொருந்தாத இடத்தில் வைத்தால் ஒட்டவே ஒட்டாது. கமா என்ற பேச்சே கிடையாது. எடிட்டரில் நாம் இழுப்பது வெறும் எழுத்துகளை. எங்கே விட்டாலும் வாங்கிக்கொள்ளும். அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பது நம் பொறுப்பு.

பைதானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் இதே கதைதான். ஒரு வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது. நான்கு இடைவெளி தள்ளியிருந்த வரியை இழுத்து வெளியே விட்டால், பத்து முறை நடக்க வேண்டியது ஒரு முறை நடந்து முடியலாம். நகர்த்தியதும் முதலில் பார்க்க வேண்டியது இடது ஓரத்தைத்தான்.

கீபோர்டில் எப்படி?

வரியை நகர்த்த அதைத் தேர்வு செய்யவே வேண்டாம். கர்சர் அந்த வரியில் எங்காவது இருந்தால் போதும். ஆல்ட் அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால் வரி முழுசாக ஒரு படி மேலே ஏறும், கீழ் அம்புக்குறிக்கு இறங்கும். பாதி வரியைப் பிடித்து இழுத்து மீதியை விட்டுவிடும் வேலையே இல்லை. (கமா பிரச்னை இதிலும் வரும், அதை மறக்க வேண்டாம்.) விண்டோஸில் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் வரி நகராது, நகல் உருவாகும்.

எதையும் தேர்வு செய்யாமல் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் முழு வரியும் வெட்டப்படும். கன்ட்ரோல் சி என்றால் முழு வரியும் நகலெடுக்கப்படும். இந்த வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது உலகமே கட், காப்பி, பேஸ்ட் போட்டுத்தான் அஞ்சலி செலுத்தியது என்று சொல்லலாம்.

ஒரே சொல் பல இடங்களில் இருந்தால், அதன் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் டி அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து தேர்வாகும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றலாம். இதில் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "ராஜகோபுரம்" என்பதில் உள்ள "கோ" கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிவாகலாம். "க"வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எடிட்டருக்கு அப்படியில்லை. வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தமிழ்ச் சொல் கன்ட்ரோல் டியில் சிக்கவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சொல்லை அழித்துவிட்டுக் கையால் டைப் செய்தால் சரியாகும்.

அப்போ மவுஸ் வேண்டாமா?

அப்படியில்லை. படக் கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு மாற்ற, இடப்பக்கப் பட்டியலில் இழுத்துப் போடுவதுதான் வசதி. தேர்வு செய்த வரிகளை இழுக்கும்போது கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டால் பழைய இடத்திலும் அது அப்படியே இருக்கும், புது இடத்தில் நகல் விழும். மேக் கணினியில் அதற்கு ஆப்ஷன் கீ.

ஆனால் கோப்பை இழுக்கும்போது "நகர்த்தவா?" என்று எடிட்டர் கேட்கும் கேள்வியைத் தொல்லை என்று நினைத்து, "இனி கேட்காதே" என்று டிக் செய்துவிடாதீர்கள். அந்தக் கேள்வி இல்லை என்றால், கை தவறிப் பக்கத்து ஃபோல்டரில் விழுந்த கோப்பு தெரியவே தெரியாது. பக்கத்தில் படம் வராமல் போன பிறகுதான் தேட ஆரம்பிப்போம். கோப்பு இடம் மாறியதை எச்டிஎம்எல் பக்கத்துக்கு நாம்தான் சொல்ல வேண்டும், அது தானாகத் திருத்திக்கொள்ளாது. உடனே கவனித்துவிட்டால், அந்தப் பட்டியலில் கிளிக் செய்து கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள். கோப்பு பழைய இடத்துக்குத் திரும்பும்.

மவுஸ் இல்லாமல் லேப்டாப்பின் டச்பேடில் வேலை செய்பவர்களுக்கு எங்கள் யோசனை, எழுத்துகளை இழுக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள் என்பதே. இரண்டு தட்டு தட்டி விரல் லேசாக நகர்ந்தாலே ஒரு சொல் வேறு இடத்துக்குப் பறந்துவிடும். செட்டிங்ஸில் போய் "டிராக் அண்ட் டிராப்" என்று தேடினால், எடிட்டர் என்ற தலைப்பில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் முடிந்தது.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. பார்வைத்திறன் இல்லாதவர்கள் திரைவாசிப்பான் துணையோடு கீபோர்டில்தான் புரோகிராம் எழுதுகிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒன்றைப் பிடித்து இழுப்பதே கஷ்டம். இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில் வந்தது. இழுத்துச் செய்யும் வேலைகளுக்கு, பொதுவாக இழுக்காமல் செய்ய ஒரு மாற்று வழி இருக்க வேண்டும் என்கிறது அது. நம் கிரிவலப் பக்கத்தில் வரைபடத்தை விரலால் இழுத்தால்தான் அடுத்த லிங்கம் வரும் என்று வைத்திருந்தால், பக்கத்தில் "அடுத்து" என்று ஒரு பட்டனும் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே நேரத்தில் பல வரிகளில் டைப் செய்ய, விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் கர்சர்கள் கூடிக்கொண்டே போகும். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள சில பழைய லேப்டாப்களில் இதே கீகளை அழுத்தினால் திரையே தலைகீழாகத் திரும்பிவிடும். பயந்துபோய் சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். அதே இரண்டு கீயோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் திரை நிமிர்ந்துவிடும்.