மாண்டேகுவும் சாமுவேலும்: ஒரே குடும்பம், இரண்டு பாதைகள்

பள்ளியில் இந்திய வரலாறு படித்த எவருக்கும் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் நினைவிருக்கும். 1919-ல் மாகாணங்களில் இரட்டை ஆட்சி முறையைக் கொண்டு வந்தது அது. அந்தப் பெயரின் முதல் பாதிக்குரிய எட்வின் மாண்டேகு ஒரு யூதர். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைக்கும் திட்டத்தை பிரிட்டிஷ் அரசுக்குள் இருந்துகொண்டே மிகக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். அதே அரசுக்குள் அத்திட்டத்தை முதலில் எழுத்தில் முன்வைத்தவர் ஹெர்பர்ட் சாமுவேல். அவரும் யூதர். இதில் வியப்பு என்னவென்றால், இருவரின் தந்தையரும் அண்ணன் தம்பி!

யூதர் என்றாலே சியோனிசத்தை ஆதரிப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு குடும்பத்தின் கதையே போதும்.

சியோனிசம் என்பது என்ன?

ரஷ்யப் பேரரசில் 1881-க்குப் பிறகு யூதர்கள் மீது அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்தன. பிரான்சில் 1894-ல் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டார். சம உரிமை கொடுத்த நாடுகளிலும் யூதர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, அவர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற முடிவுக்கு தியோடர் ஹெர்சல் வந்தார். 1897-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். அதே ஆண்டில், அதே ரஷ்யப் பேரரசின் வில்னா நகரில், 'பண்ட்' என்ற யூதத் தொழிலாளர் கட்சி தொடங்கப்பட்டது. அதன் கொள்கை நேர் எதிரானது. யூதர்கள் தாங்கள் வாழும் இடத்திலேயே உரிமைக்காகப் போராட வேண்டும் என்றது அது. ஆக, சியோனிசம் பிறந்தபோதே அதற்கான எதிர்ப்பும் யூதர்களிடையே பிறந்துவிட்டது.

ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகள்

எட்வினின் தந்தை சாமுவேல் மாண்டேகு லண்டனில் பெரிய வங்கியாளர், மத ஆசாரங்களில் மிகவும் கண்டிப்பானவர். மாண்டேகு சாமுவேல் என்ற அவரது இயற்பெயர் முன்பின்னாக மாற்றப்பட்டது. அதனால்தான் சகோதரர் பிள்ளைகளுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர்கள். பிள்ளைகள் யூதரையே மணக்க வேண்டும், இல்லாவிட்டால் சொத்து கிடையாது என்று உயில் எழுதி வைத்தார். எட்வினுக்கோ மதத்தில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் அவர் காதலித்த வெனிஷியா ஸ்டான்லி, 1915-ல் யூத மதத்துக்கு மாறிய பிறகே திருமணம் நடந்தது.

ஹெர்பர்ட் சாமுவேலும் இளமையிலேயே இறை நம்பிக்கையை இழந்தவர். ஆனால் யூத வழக்கங்களை விட்டுவிடவில்லை. 1915 ஜனவரியில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பாலஸ்தீனத்தின் எதிர்காலம் பற்றி அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு அளித்தார். அங்கே பெரும்பான்மையினர் அரபு முஸ்லிம்கள் என்பதால் உடனடியாக யூத அரசு அமைக்க முடியாது, பிரிட்டன் அந்நாட்டை எடுத்துக்கொண்டு யூதக் குடியேற்றத்தைப் படிப்படியாக வளர்க்கலாம் என்பது அவர் யோசனை. எட்வின் அப்போதே அதை எதிர்த்தார்.

1917 ஆகஸ்ட்

1917 ஜூலையில் எட்வின் மாண்டேகு இந்தியாவுக்கான அமைச்சரானார். ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, சக அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதன் தலைப்பு 'தற்போதைய அரசின் யூத எதிர்ப்பு'. யூதர்களுக்கு நன்மை செய்வதாக நினைத்த அரசைப் பார்த்து, உங்கள் கொள்கையின் விளைவு யூத எதிர்ப்பாகவே முடியும் என்றார்!

அவர் வாதம் இதுதான். யூதர் என்பது மதம், தேசிய இனம் அல்ல. ஆங்கிலேய யூதருக்கும் வேறு நாட்டு யூதருக்கும் பொதுவாக இருப்பது மதம் மட்டுமே. பாலஸ்தீனம் யூதரின் தாயகம் என்று அறிவித்தால், யூதர்களை விரட்ட நினைக்கும் ஒவ்வொரு நாடும் 'உன் நாட்டுக்குப் போ' என்று சொல்லும். பாலஸ்தீனத்தில் வாழும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் மண்ணிலேயே அந்நியராவார்கள். என் தாயகம் வேறெங்கோ இருக்கிறது என்று என் அரசே சொன்னபின், அந்த அரசின் சார்பில் இந்தியாவில் போய் நான் எப்படிப் பேசுவது என்று பிரதமர் லாய்டு ஜார்ஜிடம் கேட்டார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் வேதியியல் அறிஞர் ஹயீம் வைஸ்மன். ரஷ்யப் பேரரசில் பிறந்து வளர்ந்தவர். ஒரு கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு அங்கிருந்த லட்சக்கணக்கான யூதர்களுக்கு இல்லை என்பதை நேரில் அறிந்தவர்.

எட்வின் அக்டோபரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நவம்பர் 2 அன்று, வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், வால்டர் ராத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதிய கடிதமாகப் பிரகடனம் வெளியானது. ஆனால் எட்வினின் எதிர்ப்பு முழுவதும் வீணாகவில்லை. பிற நாடுகளில் யூதர்கள் பெற்றுள்ள உரிமைகளும் அரசியல் தகுதியும் பாதிக்கப்படக் கூடாது என்ற வாசகம் அதில் இடம்பெற்றது. பிரகடனத்தைப் பெற்ற குடும்பத்திலும் பிளவுதான். வால்டரின் ஒன்றுவிட்ட சகோதரர் லயோனல், சியோனிசத்தை எதிர்த்து அதே மாதம் தொடங்கிய பிரிட்டிஷ் யூதர் சங்கத்தின் தலைவரானார்.

1920 ஜூலை

ஹெர்பர்ட் சாமுவேல் 1920 ஜூலை 1 அன்று பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் உயர் ஆணையராகப் பொறுப்பேற்றார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 8 அன்று, ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றிய விவாதத்தில் எட்வின் ஜெனரல் டயரைக் கண்டித்துப் பேசினார். எதிர்த்த உறுப்பினர்கள் கூச்சலிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் யூத வெறுப்பும் கலந்திருந்ததை அன்றைய பதிவுகளே காட்டுகின்றன. தன்னை முழு ஆங்கிலேயராகவே கருதிய மனிதரை, அவருடைய நாடாளுமன்றமே அந்நியராகப் பார்த்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் யாஃபா நகரில் அரபுகளுக்கும் யூதர்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, இரு தரப்பிலும் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். யூதக் குடியேற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்தியவர் வேறு யாருமல்ல, சாமுவேல்தான். சியோனிசவாதிகள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள்.

எட்வின் தன் நாடாளுமன்றத்தில் கண்டது, சம உரிமை மட்டும் போதாது என்று சியோனிசவாதிகள் சொன்னதை. சாமுவேல் யாஃபாவில் கண்டது, அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்பவர்களைப் பற்றி எட்வின் எச்சரித்ததை. ஒவ்வொருவரும் மற்றவரின் வாதத்தில் இருந்த உண்மையை அனுபவத்தில் சந்தித்தார்கள்.

எட்வின் 1924-ல், 45 வயதில் இறந்தார். சாமுவேல் 1963 வரை வாழ்ந்தார். இடையில் நாஜிக்கள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அதன்பின் சியோனிசத்தை ஆதரிக்கும் யூதர்கள் பெருமளவு கூடினர். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. அந்தப் போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். இரண்டு துயரங்களும் உண்மை.

யூதர்கள் மதத்தவரா, தேசிய இனமா என்ற கேள்வி இன்றும் யூதர்களுக்குள்ளேயே தீரவில்லை. அதற்கு ஒரு யூதர் சொல்லப்போகும் பதிலை அவருடைய பெயரையோ பிறப்பையோ வைத்து யாரும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.