சாப்பிட மாட்டேங்கிற ஆட்டிசக் குழந்தை... பிடிவாதம்னு ஒதுக்காதீங்க!

``வெள்ளைச் சோறு, பிஸ்கட்... இந்த ரெண்டைத் தவிர எதையும் தொட மாட்டேங்கிறான்.'' ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் பலரும் சொல்வது இது. ``செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே'' என்ற பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

உண்மையில், ஆட்டிசக் குழந்தைகளுக்கு உணவுப் பிரச்னை வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட சுமார் 5 மடங்கு அதிகம் என்கிறது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. கால்சியமும் புரதமும் இவர்களுக்குக் குறைவாகக் கிடைப்பதையும் அது சுட்டிக்காட்டியது. அதனால், `எப்படி ஊட்டுவது' என்று யோசிக்கும் முன், `ஏன் சாப்பிடலை' என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என்னென்ன பார்ப்பார்கள்?

* வலி: சொத்தைப் பல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இருந்தால் எந்தக் குழந்தையும் தட்டைத் தள்ளிவிடும். பேச்சு வராத குழந்தையால் `வலிக்குது' என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் உடல் பரிசோதனை.

* மெல்லுவது, விழுங்குவது: உணவை வாயிலேயே அடக்கி வைத்திருக்கிறதா, மெல்லாமல் முழுங்குகிறதா, சாப்பிடும்போது இருமல் வருகிறதா என்று பேச்சுப் பயிற்சியாளர் கவனிப்பார். அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிட்டபின் குரல் `கரகர'வென மாறினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

* புலன் உணர்வு: கேழ்வரகுக் களியின் வழவழப்பு, தாளிப்பு வாசனை, சோற்றில் குழம்பு கலந்த நிறம்... நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அந்தக் குழந்தைக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். மொறுமொறுப்பானதை மட்டும் கேட்கிறதா, சூடு ஆறினால் ஒதுக்குகிறதா, தட்டு மாறினால் அழுகிறதா என்று கேட்பார்கள்.

* சாப்பாட்டு நேரம்: யார் ஊட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, செல்போன் ஓடுகிறதா, இடையில் எத்தனை டம்ளர் பால் போகிறது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

* சத்து: எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சோறும் பிஸ்கட்டும் எடையைக் காப்பாற்றும். ஆனால், இரும்புச்சத்தும் வைட்டமின்களும் குறைந்திருக்கலாம். பழம், காய் எதையுமே தொடாத ஆட்டிசக் குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி நோய் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஈறில் ரத்தம், கால்வலி, திடீரென நடக்க மறுப்பது ஆகியவை அதன் அறிகுறிகள்.

இதற்கெனத் தனிக் கேள்விப் பட்டியல்களும் உண்டு. 2008-ல் வெளியான `பாம்பி' என்ற பட்டியலில் 18 கேள்விகள். உணவை மறுப்பது, ஒருசில உணவுகளோடு நின்றுவிடுவது போன்றவை எவ்வளவு அடிக்கடி நடக்கின்றன என்று பெற்றோர் சொல்ல வேண்டும்.

போளூர் பக்கம் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிகளுக்கு வர வேண்டும். அவர்களிடம் வளர்ச்சியோடு சாப்பாட்டுப் பிரச்னையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். சேவை இலவசம். வேலூர் சி.எம்.சி-யிலும் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

கையோடு என்ன கொண்டுபோகணும்?

ஜமுனாமரத்தூர் மலைக் கிராமத்திலிருந்து கீழே இறங்கி வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். அந்த ஒரு பயணத்திலேயே முழு விவரமும் சொல்ல இவை உதவும்:

* 3 நாள் உணவுக் குறிப்பு: என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று. தண்ணீர், பால், தின்பண்டம் உட்பட.
* வீட்டில் சாப்பிடும்போது செல்போனில் எடுத்த 5 நிமிட வீடியோ. புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் போகலாம்.
* சாப்பிடும் உணவுகள், முன்பு சாப்பிட்டு இப்போது நிறுத்திய உணவுகள் என 2 பட்டியல்.
* குழந்தை விரும்பும் உணவு, அதன் சொந்தத் தட்டு, டம்ளர்.

அதுவரை...

மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள்; புரையேறும், பயமும் கூடும். பிடித்த உணவைத் திடீரென நிறுத்தாதீர்கள். அதில் மருந்தை ஒளித்து வைத்தால், அந்த ஒன்றையும் குழந்தை வெறுத்துவிடலாம். யாரோ சொன்னார்கள் என்று பாலையும் கோதுமையையும் நீங்களாகவே விலக்க வேண்டாம். ஏற்கெனவே சிறிதாக இருக்கும் பட்டியல் இன்னும் சுருங்கிவிடும்.