மீளா மைல்கள்: ஓர் அளவைச் சொல்லின் நாற்பதாண்டு வரலாறு

மும்பை–புனே பழைய நெடுஞ்சாலையில் நிக்டியைக் கடந்து செல்பவருக்குச் சாலையோரக் கற்கள் தொலைவைக் கிலோமீட்டரில்தான் சொல்லும். 1956ஆம் ஆண்டின் அளவைகள் சட்டத்திற்குப் பின் மைல் என்னும் அளவு இந்தியச் சாலைகளிலிருந்து படிப்படியாக விலகியது. எழுத்துத் தமிழில் அது பெரும்பாலும் ‘மைல்கல்’ என்னும் உருவகத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. ஆயினும் அதே நிக்டியின் பிராதிகரண் குடியிருப்புகளில், ஹிஞ்ஜவடி மென்பொருள் வளாகத்தில் பணிபுரிவோரின் வீடுகளில், மைல் இன்றும் உயிருள்ள சொல். எத்தனை மைல் சேர்ந்திருக்கிறது, அதைக் கொண்டு தீபாவளிக்குச் சென்னை போய்வர முடியுமா என்னும் கேள்விகள் ஆண்டுதோறும் எழுகின்றன. முதற்கேள்விக்கு விடை துல்லியமாகக் கிடைக்கும். இரண்டாவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘இருக்கை இல்லை’ என்பதே. அதே நாளில், அதே விமானத்தில், பணம் கொடுப்பவருக்கு மட்டும் இருக்கை உண்டு.

இதை ஒரு வாடிக்கையாளரின் எரிச்சல் என்று கடந்துவிடலாம். ஆனால் இந்த ஏமாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொலைவைக் குறித்த ஒரு சொல், தொலைவுக்கும் தனக்குமுள்ள உறவை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டு, வெளியிடுபவரே மதிப்பை நிர்ணயிக்கும் ஒரு தனியார் நாணயமாக மாறிய வரலாறு அது. இலத்தீனில் ஆயிரம் அடிவைப்பு என்னும் பொருளில் பிறந்த சொல்லுக்கு இந்நிலை புதிதன்று என்று வாதிடலாம். தமிழின் ‘காதம்’ கூட நூலுக்கு நூல் நீளம் மாறும் அளவைதான். எனினும் காதத்தின் நீளத்தை மாற்றியதால் எவருக்கும் இலாபம் வந்ததில்லை.

1978 அக்டோபரில் அமெரிக்கா விமானப் போக்குவரத்தின் மீதான கட்டண, வழித்தடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சட்டம் இயற்றியது. அதுவரை கட்டணத்தை அரசு வாரியம் நிர்ணயித்ததால் நிறுவனங்கள் உணவிலும் இருக்கையிலும் மட்டுமே போட்டியிட்டன. கட்டுப்பாடு நீங்கியதும் பயணி மலிவான சீட்டைத் தேடி நிறுவனம் விட்டு நிறுவனம் தாவலானார். அவரைத் தடுத்து நிறுத்தும் உத்தியாக 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஆட்வான்டேஜ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைட்டெட் தன் ‘மைலேஜ் பிளஸ்’ திட்டத்தோடு வந்தது. டெக்சஸ் இன்டர்நேஷனல் 1979இலேயே இத்தகைய ஒன்றை முயன்றிருந்தது. அதனிடம் இல்லாதது கணினிவலு. அமெரிக்கனிடம் ‘சேபர்’ என்னும் முன்பதிவுக் கணினி அமைப்பு இருந்தது. யார், எங்கே, எத்தனை முறை பறந்தார் என்பதை அதுவே நினைவில் வைத்திருந்தது. பறந்த தொலைவு எவ்வளவோ அவ்வளவு மைல் கணக்கில் ஏறும். குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால் பரிசுப் பயணம். காலியாகப் போகவிருக்கும் இருக்கையைப் பரிசாகக் கொடுப்பதால் நிறுவனத்துக்குச் செலவு மிகச் சிறிது. அக்கட்டத்தில் மைல் ஏறத்தாழ மைலாகவே இருந்தது.

இங்கே ‘மீட்டல்’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். சேர்த்த மைலைப் பயணச்சீட்டாக மாற்றுவதை ஆங்கிலம் எந்தச் சொல்லால் குறிக்கிறதோ, அதன் இலத்தீன் வேருக்குத் ‘திரும்ப வாங்குதல்’ என்று பொருள். கிறித்தவத் தமிழின் ‘மீட்பர்’ அந்த மரபில் வந்தவர். அன்றாடத் தமிழில் மீட்பது என்றால் அடகுக்கடை நினைவுக்கு வரும். அடகு வைத்த நகையை மீட்கப் போகிறவரின் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் நகையின் எடை, கடன்தொகை, வட்டி எல்லாம் எழுதியிருக்கும். எட்டுப் பவுன் சங்கிலியை வைத்தவரிடம், விதி மாறிவிட்டது, இனி இது ஆறு பவுன்தான் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. விமான மைலில் அவ்வாறு சொல்ல முடியும். அந்த உரிமை உறுப்பினர் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அவ்வுரிமை முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 1988இல். பரிசுப் பயணம் செல்லாத நாள்கள் எவை, ஒரு விமானத்தில் பரிசு இருக்கைகள் எத்தனை என்னும் வரம்புகளை அமெரிக்கன் நிறுவனம் புகுத்தியபோது, முன்பே சேர்த்துவைத்த மைல்களுக்கும் அவற்றைப் பொருத்தியது. இல்லினாய் மாநிலத்தில் உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தனர். வோலன்ஸ் வழக்கு எனப்படும் அதில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1995 சனவரியில் தீர்ப்பளித்தது. மாநில நுகர்வோர் மோசடிச் சட்டத்தை விமான நிறுவனத்தின் மீது ஏவ முடியாது, ஏனெனில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதை விலக்குகிறது. ஆனால் நிறுவனம் தானே கொடுத்த வாக்கை மீறியது என்று ஒப்பந்த வழக்குத் தொடுக்கலாம் என்றது நீதிமன்றம். பயணிக்குக் கிடைத்த வெற்றி போலத் தோன்றும் இத்தீர்ப்பின் நடைமுறை விளைவு வேறு. வாக்கை மீறினால்தான் வழக்கு என்றால், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதையே வாக்காக எழுதிவிட்டால் போதும். 2014இல் நார்த்வெஸ்ட் நிறுவனத்துக்கு எதிராக ஒரு யூத மதகுரு தொடுத்த வழக்கில், நன்னம்பிக்கையோடு நடந்துகொள்ளும் கடமை என்னும் பொதுக்கோட்பாட்டின் உதவியும் அத்தகைய உறுப்பினருக்கு மறுக்கப்பட்டது.

அதற்குள் மைலை வாங்குபவர் மாறிவிட்டார். கடன் அட்டை வழங்கும் வங்கிகள் மைல்களை மொத்தமாக விலைகொடுத்து வாங்கித் தங்கள் வாடிக்கையாளருக்குப் பகிரத் தொடங்கின. மளிகை வாங்கினாலும் மைல், மின்கட்டணம் கட்டினாலும் மைல். 1896இல் ஸ்பெரி, ஹட்சின்சன் இருவரும் தொடங்கிய கடைத்தபால் தலைகள் அமெரிக்கக் கடைகளுக்குச் செய்த பணியை இப்போது மைல் செய்தது. ஒருமுறைகூட விமானம் ஏறாதவர் ஒரு இலட்சம் மைல் வைத்திருப்பது சாத்தியமாயிற்று. 2020 சூனில், தொற்றுக்கால நெருக்கடியில், யுனைட்டெட் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 500 கோடி டாலருக்கும் மேல் கடன் திரட்டியபோது, அத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,190 கோடி டாலர் எனக் காட்டப்பட்டது. அன்றைய பங்குச்சந்தையில் அந்த விமான நிறுவனம் முழுவதற்கும் அவ்வளவு விலை இல்லை.

கணக்கியல் நூல்களில் இதன் மறுபக்கம் இருக்கிறது. 2007இல் வெளியான பன்னாட்டு நிதி அறிக்கை விளக்கம் 13, பரிசுப்புள்ளிகளுக்குரிய வருவாயை அவை மீட்கப்படும்வரை ஒத்திவைக்கச் சொன்னது. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115 அதே நெறியைப் பின்பற்றுகிறது. ஆனால் எவ்வளவு மைல் ஒருபோதும் மீட்கப்படாது என்று மதிப்பிட்டு, அந்தப் பங்கை வருவாயில் சேர்த்துக்கொள்ள நிறுவனத்துக்கு இடமுண்டு. கணக்கர்கள் அதைப் ‘பிரேக்கேஜ்’ என்கின்றனர். நிக்டிக் குடும்பம் சலித்துப்போய்க் காலாவதியாக விடும் மைல்களுக்கு அங்கே முன்கூட்டியே ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த வரலாறு இரண்டு வீழ்ச்சிகளின் வழியே படிக்கத்தக்கது. 2005 மே மாதம் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர், ‘கிங் கிளப்’ என்னும் திட்டத்தை நடத்தியது. 2012 பிப்ரவரியில் அது ‘ஒன்வேர்ல்ட்’ கூட்டணியில் சேரவிருந்தது. சேர்ந்திருந்தால் அதன் மைல்களைக் கொண்டு உலகின் பல நிறுவனங்களில் பறந்திருக்கலாம். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு அந்த இணைப்பு ஒத்திவைக்கப்பட்டது. அக்டோபரில் விமானங்கள் நின்றன. மைல்களும் நின்றன. சம்பளம் கிடைக்காத ஊழியர்களின் துயரத்துக்கு முன்னால் உறுப்பினர்களின் மைல்களைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றிய காலம் அது. அந்த முன்னுரிமை சரியானதே.

ஜெட் ஏர்வேஸின் கதை விசித்திரமானது. 1993 மே மாதம் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனத்தின் ‘ஜெட்பிரிவிலேஜ்’ திட்டம் பிற்காலத்தில் தனி நிறுவனமாக்கப்பட்டது. 2014இல் அபுதாபியின் எதிகாட் 15 கோடி டாலருக்கு அதில் 50.1 விழுக்காட்டை வாங்கியது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரசிலிருந்து மும்பைக்கு வந்த விமானமே ஜெட்டின் கடைசிப் பயணம். ஆனால் மைல்கள் சாகவில்லை. அவற்றை வெளியிட்டது வேறு நிறுவனமாதலால், விமானமே இல்லாத ஒரு விமான மைல் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் திட்டத்தின் பெயர் ‘இன்டர்மைல்ஸ்’ ஆயிற்று; விடுதி அறை, பொருள்கள், பிற நிறுவனங்களின் சீட்டு என வேறு வேறு வடிவங்களில் மீட்கச் சொன்னார்கள். முன்பதிவுச் சீட்டு வைத்திருந்தவர் பணத்தைத் திரும்பப் பெற வழிதேடி நின்றபோது, மைல் வைத்திருந்தவரின் கணக்கு எண் மாறாமல் திரையில் ஒளிர்ந்தது. எதிகாட்டுக்குப் பெரும்பங்கு இருந்த மற்றொரு திட்டமான ஜெர்மனியின் ‘டாப்போனஸ்’ இவ்வாறு தப்பவில்லை: 2017 ஆகஸ்டில் ஏர்பெர்லின் நொடித்த பத்தே நாளில் அதுவும் நொடிப்பு மனு அளித்தது. ஆகவே திட்டம் தனி நிறுவனமாக இருப்பதே பாதுகாப்பு என்னும் முடிவுக்கு விரைந்து வரவும் இயலாது. எதுவாயினும், ஜெட்டின் மைலுக்கும் வானத்துக்குமான கடைசி நூல் 2019இல் அறுந்தது. மொழியியலில் பொருள் முற்றிலும் வெளிறிய சொற்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் இதைக் கருதலாம்.

அமெரிக்காவில் வெளிறல் வேறு வழியில் நடந்தது. டெல்டாவும் யுனைட்டெட்டும் 2015இலும் அமெரிக்கன் 2016இலும் பறந்த தொலைவை விட்டுச் செலவிட்ட டாலரைக் கொண்டு மைல் கணக்கிடத் தொடங்கின. எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்னும் அட்டவணையையும் டெல்டா 2015இல் எடுத்துவிட்டது. விலை அன்றன்றைக்கு, இருக்கைக்கு இருக்கை மாறும். ஏர் இந்தியா தன் ‘ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்’ திட்டத்தை 2024இல் செலவிட்ட ரூபாய் அடிப்படைக்கு மாற்றியது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று ஜெட் ஏர்வேஸைக் கலைக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்து நாள் கழித்து, 12ஆம் தேதி, விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்னும் வீதத்தில் ‘மகாராஜா கிளப்’ என்று பெயர் மாறிய திட்டத்துக்குச் சென்றன. எண்ணிக்கை குறையவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாணயத்தின் மதிப்பை அதன் எண்ணிக்கை சொல்வதில்லை. அதைக் கொண்டு எதை வாங்கலாம் என்பதே சொல்லும்.

நிக்டியின் சிக்கலுக்கு இன்னொரு காரணம் நிலவியல். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரிலுள்ள லோஹகாவ் விமான நிலையம் இந்திய விமானப்படையின் தளம். குடிமக்கள் பயன்படுத்துவது அதன் ஒரு மூலையை. நெடுந்தொலைவு செல்லும் பெரிய விமானங்கள் வழக்கமாக அங்கிருந்து கிளம்புவதில்லை. எனவே ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ சிகாகோவுக்கோ போகும் பொறியாளர் பெரும்பாலும் 130 கிலோமீட்டர் காரில் சென்று மும்பையில் ஏறுகிறார். மைல் அங்கே சேர்கிறது. செலவழிக்க நினைப்பதோ புனே–சென்னை, புனே–கோயம்புத்தூர் போன்ற தடங்களில். உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் இண்டிகோ, 2006இல் தொடங்கியதிலிருந்து 2024இல் ‘புளூசிப்’ வரும்வரை முழு அளவிலான பயணித் திட்டம் எதையும் நடத்தவில்லை. சேர்ந்த மைல் ஒரு நிறுவனத்துடையது, ஊருக்குப் போகும் விமானம் இன்னொரு நிறுவனத்துடையது என்னும் நிலை பல்லாண்டு நீடித்தது. பொருத்தமான இருக்கை கிடைத்தாலும், ‘இலவசச்’ சீட்டுக்கு வரியும் நிலையக் கட்டணமும் ரூபாயில் கட்டவேண்டும். சில நிறுவனங்களில் எரிபொருள் மேல்வரியும் உண்டு.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு வாயில் இருக்கிறது. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதை வரையறுக்கிறது. தக்க காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ளும் உரிமை அதில் அடங்கும். ஆனால் அச்சட்டத்தின்படி நுகர்வோராவதற்கு விலை கொடுத்திருக்கவேண்டும். மைலுக்கு விலை கொடுத்தவர் யார்? பயணச்சீட்டின் விலையை ஹிஞ்ஜவடி நிறுவனம் கொடுத்தது; மைல் ஊழியரின் பெயரில் ஏறியது; அதை மீட்கக் காத்திருப்பவர்கள் தாம்பரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பெற்றோர். ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் இக்கேள்விக்கு 2006 ஏப்ரல் 11 அன்று விடை சொல்லிவிட்டது. அலுவல் பயணத்தில் சேரும் மைல் முதலாளிக்கு உரியது, அதை அடுத்த அலுவல் பயணத்துக்கே செலவிடும்படி அவர் ஊழியரைப் பணிக்கலாம் என்பது அதன் தீர்ப்பு. நிக்டியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாற்றலாகும் பொறியாளர், பெற்றோரின் சீட்டுக்கென்று அங்கே சேர்க்கும் மைலை இத்தீர்ப்பின்படி தன் நிறுவனம் கேட்டால் கொடுத்துவிட வேண்டியிருக்கும்.