அச்சேறிய வேதமும் அதை வாசித்தவரும்

கிறிஸ்து மார்க்கத்தைச் சேர்ந்த தமிழராகிய நாம் மேடைதோறும் எடுத்துரைக்கும் பெருமை ஒன்றுண்டு. இந்திய மொழிகளுள் தன் எழுத்திலேயே முதன்முதல் அச்சேறியது தமிழ் என்பதும், அதனை ஏற்றியோர் பாதிரிமார் என்பதுமே அப்பெருமை. அது பொய்யன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூலேயாயினும், அதுவே நம் அச்சு வரலாற்றின் வாயில். அதற்குப் பொருளுதவியோர் முத்துக்குளித்துறைப் பரவர். மேடைப் பேச்சுக்களில் அவர் பெயர் வருவதில்லை. அது நிற்க. நூல் அச்சேறிற்று என்று மகிழ்ந்து அமைவது வரலாறாகாது. அந்நூலைக் கையிலெடுத்து வாசித்தவர் என்ன ஆனார் என்றும் கேட்டல் வேண்டும்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடரிக்கு அனுப்ப, சீகன்பால்கு, புளூட்சோ என்னும் ஜெர்மானியர் இருவர் தரங்கம்பாடியிற் கரையேறினர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மனோர் கூட்டன்பர்க்கின் பெயரை நெட்டுருச் செய்தோம். சீகன்பால்குவின் பெயரை அங்கே கேட்டோமில்லை. இவர் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் மாணாக்கருடன் தம் இல்லத்திற்கே வரச்செய்து, சிறுவரோடு சிறுவராய்த் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றிற்கு அட்டவணையும் வகுத்தார். அவ்வாண்டின் இறுதியில் அவரைச் சிறையிலிட்டவர் வேற்று மதத்தாரல்லர். தரங்கம்பாடிக் கோட்டையை ஆண்ட டேனிய ஆளுநரே. நான்கு திங்கள் சிறையிருந்தார்.

இலண்டன் மாநகர்க் கிறிஸ்தவ சங்கம் ஒன்று அச்சுப்பொறி அளித்தது. அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிற் பிடித்தனர்; பொறியோடு வந்த அச்சுத்தொழிலாளி கரைகாணுமுன்னரே மாண்டார். தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிலே வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை மிகப் பெரியன, தாளோ அரிது. ஆதலின் சிறிய எழுத்துக்களை உள்ளூரிலேயே வார்த்தனர். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன. மறு ஆண்டில் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது.

ஈண்டு ஒன்று கூறாது விடலாகாது. 1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே பெரியாரோ, அஞ்ஞான மார்க்கத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதோ என்று கருதி, அச்சிட மறுத்தார். அது சென்னையில் அச்சேறியது 1867இல். 154 ஆண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது! எல்லார்க்கும் நூல் வேண்டும் என்ற சபையே இன்ன நூல் வேண்டா என்றும் விதித்தது காண்க. ஆசிரியர் 1719இலேயே, 36 வயதில், மறைந்துவிட்டார்.

இனி வாசித்தவரைப் பற்றிச் சொல்வோம். தஞ்சை மராட்டிய மன்னர் படையிலே வீரர் ஒருவர் இருந்தார். பாதிரிமார் குறிப்புக்கள் அவரை இராசநாயக்கன் என்கின்றன. நாம் இராசநாயக்கர் என்றே எழுதுவோம். கத்தோலிக்கர், பறையர் என ஒதுக்கப்பட்ட குலத்தினர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷ நூல் அவர் கைக்கு எட்டிற்று. குரு வாய்மொழி கேட்டு நம்பியிருந்தவர், தாமே எழுத்துக்கூட்டி வாசித்து ஆராயத் தலைப்பட்டார். ஆராய்ந்து தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்து, 1728 அளவில் உபதேசியாரானார். ஐரோப்பியப் பாதிரிமார் எளிதிற் புகவொண்ணாத தஞ்சை நாட்டில் சபைகள் வளர்ந்தது அவர் உழைப்பால். தாய்மொழியில் வேதம் அளித்தால் எளியவனும் தானே உண்மை காண்பான் என்ற கொள்கைக்கு இவரினும் சிறந்த சான்று தரங்கம்பாடியார் பெற்றிலர்.

1733ஆம் ஆண்டு திசம்பரில் ஆரோன் என்னும் வேளாளர் குருப்பட்டம் பெற்றார். அவர் தகுதியுடையவரே, அதிற் குறை சொல்வாரில்லை. இராசநாயக்கருக்கும் பட்டம் அளிக்கலாமோ என்ற பேச்சு பின்னர் எழுந்தது. அளிக்கவில்லை. உழைப்பிலும் ஒழுக்கத்திலும் குறை காணப்பட்டதோ? இல்லை. பறையர் கையால் வேளாளக் கிறிஸ்தவர் திருவிருந்து பெறார் என்பதே காரணம். மந்தை சிதறிவிடுமே என்று பாதிரிமார் அஞ்சினர். அவ்வச்சத்தை நாம் அறியாதவரல்லோம். ஆனால், தச்சன் மகனாய்ப் பிறந்து, ஆயக்காரரோடும் பாவிகளோடும் ஒரே பந்தியிலமர்ந்து உண்டு, அதற்காகவே ஏசப்பட்ட ஒருவரின் வரலாற்றையன்றோ இவர்கள் அச்சிட்டுக் கொடுத்தது! அதனை வாசித்தவர் கேட்டது அப்பந்தியில் பரிமாறும் உரிமை. நூல் அளித்தோர் அதனை அளித்திலர். கோவிலிலும் சாதியார் தனித்தனியே அமர்ந்தனர். ஒரே வேதம் இரு பக்கத்தார் கையிலும் இருந்தது.

இராசநாயக்கர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டபின், 1833இல், கல்கத்தா அத்தியட்சர் தானியேல் உவில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிதல் வேண்டும் என்று ஆணையிட்டார். அது தஞ்சையில் வாசிக்கப்பட்டபோது, வேதம் வாசிக்கக் கற்ற குடும்பத்தார் பலர் எழுந்து கோவிலை விட்டு வெளியேறினர்.